எங்கள் சனிக்கிழமையைத் திருப்பிக் கேட்டு ஒரு மடல்

மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் உள்ள பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் பொறியியல் ஆய்வகங்களில் மதுரையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்த பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களும் அந்தப் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான்: ஓஹையோவிலோ மிச்சிகனிலோ முதுகலை முடித்து, வேலைக்காக டெக்சஸுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ நகர்ந்து, அந்த ஊர் டீம் ஜெயித்ததா என்று இன்னும் போனில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நானும் அப்படி ஒருவன். உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் படித்தேன். எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இது அந்த ஒரு கல்லூரியின் வழக்காகிவிடும்.

2014-ல் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னோடு 13 ஆண்டுகளுக்கு நீங்கள் போட்ட டிவி ஒப்பந்தம் 2026-27 பருவத்தோடு முடிகிறது. அடுத்ததில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவம்பர் மாதச் சனிக்கிழமைகளை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். எல்லாவற்றையும் இல்லை, பாதியையாவது.

பழக்கமில்லாதவர்களுக்குச் சில வரி. கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலுக்குக் கிழமை சனி, தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்கு ஞாயிறு. 1946-ல் தொடங்கிய இந்தச் சின்ன கான்ஃபரன்ஸ் மட்டும் நவம்பர் பிறந்ததும் தன் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைச் செவ்வாய், புதன் இரவுகளுக்கு மாற்றிக்கொள்ளும். சனிக்கிழமை டிவியில் பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கே இடம் போதாது. வாரத்தின் நடுவில் சேனல்கள் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். ரசிகர்கள் அதற்கு 'மேக்ஷன்' என்று செல்லப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அதனால் பலன் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். டல்லாஸில் என் அலுவலகத்தில் பாதிப் பேர் டெக்சஸ் பல்கலைக்கழகம், மீதிப் பேர் டெக்சஸ் ஏ அண்ட் எம். நீ எந்தக் காலேஜ் என்பார்கள். சொன்னால், "அது எங்கே இருக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். 2011 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை. டொலிடோவும் நார்தர்ன் இலினாயும் மோதின. 63-60 என்று நார்தர்ன் இலினாய் ஜெயித்தது. கபடி ஸ்கோர்போர்டில்கூட நான் அப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை. மறுநாள் காலை என் மேசைக்கு மூன்று பேர் வந்தார்கள். "உங்க கான்ஃபரன்ஸ்தானே அது? தூங்கவே விடலை." அடுத்த செவ்வாய் அதே டொலிடோ வெஸ்டர்ன் மிச்சிகனை 66-63 என்று வென்றது. அந்த இரண்டு வாரம் நான் அலுவலகத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை மதியம் முப்பது ஆட்டங்களுக்கு நடுவே அது நடந்திருந்தால் ஒருவரும் வந்து கேட்டிருக்கமாட்டார்கள். இதை மறுக்கவே இல்லை.

ஆனால் அப்படிப்பட்ட வார நடு இரவுகளில் கேலரியில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். படித்த காலத்தில் ஒரு நவம்பர் செவ்வாய்க்கு நாலு பேர் போனோம். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று ஜாக்கெட்டுக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு லேப். பாதி ஆட்டத்திலேயே மாணவர் பகுதி காலியாகிவிட்டது. கேமராவுக்கு எதிரே உள்ள இருக்கைகளுக்கு நகரச் சொல்லி ஒருவர் வந்து கையைக் காட்டினார், டிவியில் காலியாகத் தெரிகிறதாம். நகர்ந்து உட்கார்ந்தோம். அப்போது சிரித்தோம். பிறகு யோசித்தபோது, அன்றிரவு நாங்கள் பார்வையாளர்களா, அரங்கப் பொருளா என்று சந்தேகம் வந்தது.

ஆட்டம் முடியும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. எதிரணிப் பையன்கள் அதற்கு மேல் குளித்து, பஸ் ஏறி, விடியற்காலையில் அவர்கள் வளாகத்தில் இறங்கியிருப்பார்கள். அவர்களுக்கும் மறுநாள் புதன்கிழமைதான், வகுப்பு உண்டு. ஸ்டேடியத்துக்குப் பக்கத்து பிட்சா கடைக்காரர், ஒரு சனிக்கிழமை ஆட்டம் என்றால் அந்த வாரக் கூலியே தேறிவிடும் என்பார். செவ்வாய் இரவு அவர் பத்து மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டார்.

உங்களில் சட்டம் படித்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறேன். 1961-ல் அமெரிக்க காங்கிரஸ் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் கொண்டுவந்தது. தொழில்முறை லீகுகள் எல்லா அணிகளின் டிவி உரிமையையும் சேர்த்து ஒரே மூட்டையாக விற்கலாம் என்று அனுமதித்தது. கூடவே ஒரு வேலியும் போட்டது. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும், கல்லூரி ஆட்டம் (1966 முதல் பள்ளி ஆட்டமும்) நடக்கும் ஊரைச் சுற்றி 75 மைலுக்குள் என்எஃப்எல் ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை கிடையாது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஊர் ஸ்டேடியத்துக்கு யார் வருவார்கள் என்ற கவலைதான் காரணம். என்எஃப்எல் போன்ற யானையையே உங்கள் வயலுக்குள் வராமல் தடுக்க ஒரு நாட்டின் சட்டம் வேலி போட்டிருக்கிறது. நீங்களோ அந்த வயலை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் போய் விதைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1984 வரை கல்லூரி ஃபுட்பால் ஒளிபரப்பு முழுவதும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கையில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தப் பிடியை உடைத்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோவில் ஃபுட்பால் ஆடிப் புகழ்பெற்றவர். களத்தில் நின்றவர் எதிர்த்தார் என்பதை நான் எப்போதும் குறித்துவைத்துக்கொள்வேன். அதன் பிறகு யாருக்கு வலு இருக்கிறதோ அவர்கள் தனியாக விற்றார்கள். 2022-ல் பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸ் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி சேனல்களோடு போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. உங்கள் 13 ஆண்டு ஒப்பந்தம் 10 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். வகுத்துப் பாருங்கள். உங்கள் கல்லூரி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஆறரை லட்சம் டாலர் அளவில் வருகிறது. பிக் டென்னில் உள்ள 18 கல்லூரிகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி. அதாவது, நீங்கள் எல்லாரும் சேர்ந்து 13 ஆண்டுகளில் வாங்குவதில் பாதியை அங்கே ஒரே கல்லூரி ஒரே ஆண்டில் வாங்கிவிடுகிறது.

இந்த இடைவெளியைச் செவ்வாய் இரவுகளால் அடைக்க முடியாது. முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கால்குலேட்டரைக் கையில் கொடுங்கள். 2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை, நார்தர்ன் இலினாய் சவுத் பெண்டுக்குப் போய், பேர்பெற்ற நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தை 16-14 என்று சாய்த்தது. வந்து ஆடுவதற்கு நார்தர்ன் இலினாய்க்கு நாட்டர் டேம் கொடுத்த தொகை 14 லட்சம் டாலர். ஒரு மதியத்தில், இரண்டு ஆண்டு டிவி பங்குக்கு மேல். நாடு முழுவதும் என்பிசியில் பார்த்தது. அந்த ஒரு ஆட்டத்துக்கு ஈடாகப் பத்து மேக்ஷன் இரவுகளைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அதே நார்தர்ன் இலினாய்தான் 2026-ல் ஃபுட்பாலுக்கு மவுண்டன் வெஸ்ட் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போகிறது.

மவுண்டன் வெஸ்ட் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நாமே ஒரு சேனல் தொடங்கினால் என்ன என்று உங்களில் யாருக்காவது தோன்றியிருக்கலாம். அவர்கள் செய்து பார்த்தார்கள். ஈஎஸ்பிஎன் கேட்ட வார நடு ஆட்டங்கள் பிடிக்காமல் விலகி, 2006-ல் தங்கள் கான்ஃபரன்ஸுக்கென்றே சேனல் தொடங்கினார்கள். ஒரு கான்ஃபரன்ஸுக்கு மட்டுமான முதல் சேனல் அது. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையில் வருவதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. அதே காலத்தில் அங்கே யூட்டாவும் டிசியுவும் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) ஒரு தோல்விகூட இல்லாத பருவங்களை ஆடினார்கள். நாட்டில் நிறையப் பேர் வீட்டில் அந்தச் சேனல் வரவே இல்லை. யூட்டா, பிரிகம் யங், டிசியு என்று ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2012-ல் சேனலை மூடினார்கள். ஈஎஸ்பிஎன்னை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இந்தக் கதை.

உண்மையில் அந்த ஒப்பந்தத்தில் நான் கைதட்டும் பகுதி ஃபுட்பாலே இல்லை. ஸ்ட்ரீமிங்தான். என் அக்கா மகன் உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு ஒளிபரப்புக் குழுவில் கேமரா பிடிக்கிறான். பெண்கள் வாலிபால், மல்யுத்தம், சாஃப்ட்பால் எல்லாவற்றையும் கல்லூரியே படம்பிடித்து, மாணவர்களே இயக்கி, ஈஎஸ்பிஎன் செயலியில் அனுப்புகிறார்கள். கேமராவுக்கும் கேபிளுக்கும் செலவு கல்லூரியுடையது, பெயர் ஈஎஸ்பிஎன்னுடையது. அது ஒரு வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் போகட்டும். "மாமா, நேத்து நான் ரெண்டாவது கேமரா" என்று அவன் சொல்லும்போது, நான் படித்த காலத்தில் சொந்த மகள் ஆடுவதைப் பார்க்கப் பெற்றோர் ஆறு மணி நேரம் கார் ஓட்டியது நினைவுக்கு வருகிறது. சின்ன கான்ஃபரன்ஸுக்கு வெளிச்சம் என்றால் எனக்கு இதுதான். இதற்கு யாருடைய சனிக்கிழமையையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வெளிச்சத்துக்கும் சுவிட்ச் வேறு யார் கையிலோ இருக்கிறது. 2025 அக்டோபர் 30-ம் தேதி இரவு, ஈஎஸ்பிஎன்னின் உரிமையாளரான டிஸ்னிக்கும், இணையம் வழியே சேனல்களைத் தரும் யூடியூப் டிவிக்கும் கட்டணத் தகராறு முற்றி, ஈஎஸ்பிஎன் உட்பட டிஸ்னியின் சேனல்கள் எல்லாம் அதிலிருந்து மறைந்தன. நவம்பர் 14 வரை வரவில்லை. உங்கள் செவ்வாய், புதன் இரவுகளின் முதல் இரண்டு வாரங்கள் அப்படியே அதில் விழுந்தன. எங்கள் வீட்டில் யூடியூப் டிவிதான். உப்புமாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேலரியையும் காலியாக்கி, திரையும் இருண்டு போனால் பிறகு ஆட்டம் யாருக்காக?

சனிக்கிழமை வைத்தால் மட்டும் கூட்டம் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஈஸ்டர்ன் மிச்சிகன் இருக்கும் யிப்சிலாண்டிக்குப் பக்கத்திலேயே, பெரிய மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர். லட்சம் பேர் மிச்சிகன் ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஈஸ்டர்ன் மிச்சிகனுக்குச் செவ்வாய்தான் சௌகரியம் என்றால் அவர்கள் செவ்வாயையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் உங்கள் கல்லூரிகள் இருக்கும் ஓஹையோவின் ஏதென்ஸிலும் ஆக்ஸ்ஃபர்டிலும், இண்டியானாவின் மன்சியிலும், மிச்சிகனின் மவுண்ட் பிளெசன்ட்டிலும் ஊருக்குள் வேறு ஆட்டம் கிடையாது. சராசரி 15,000 பேர் வர வேண்டும் என்ற என்சிஏஏ விதி நெடுங்காலம் தலைக்கு மேல் தொங்கியபோதும், கூட்டம் வரக்கூடிய கிழமையை நீங்கள்தான் விட்டுக்கொடுத்தீர்கள்.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு கல்லூரிக்கு ஒரு பருவத்தில் சொந்த ஊரில் ஒரே ஒரு வார நடு ஆட்டம் என்று எழுதுங்கள். அதற்காகத் தொகை குறைந்தால் குறையட்டும், ஆறரை லட்சத்தில் எவ்வளவு குறைந்துவிடும்? 13 ஆண்டு மட்டும் வேண்டாம். 2014-ல் கையெழுத்துப் போட்டபோது ஈஎஸ்பிஎன் பிளஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவை இல்லை, பேக்-12 என்ற பெரிய கான்ஃபரன்ஸ் உடையும் என்று யாரும் நினைக்கவில்லை, கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025-ல் ஒரு நீதிபதி அனுமதிப்பார் என்று எவரும் கனவு கண்டிருக்கமாட்டார்கள். நாலைந்து ஆண்டு போதும். இன்னொன்று, நீங்கள் அத்தனை பேரும் அரசுப் பல்கலைக்கழகங்கள். எந்த ஆட்டத்தை எந்தக் கிழமைக்கு நகர்த்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற பக்கத்தையாவது மாணவர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

நவம்பர் சனிக்கிழமை ஒன்று கிடைத்தால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டல்லாஸிலிருந்து டெட்ராய்ட்டுக்கு மூன்று டிக்கெட் போட வேண்டும். மகளுக்கு வெள்ளிக்கிழமை பள்ளி உண்டு, சாயங்காலம் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். பிட்சா கடை இன்னும் இருக்கிறதா என்று அக்கா மகனிடம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்
டல்லாஸ், டெக்சஸ்