குழந்தைகள் நலக் குழு குழித்துறையிலும் அமர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம், கிள்ளியூர் வட்டத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்குத் துணையாக நாகர்கோவில் சென்று வந்தேன். மகளும் மருமகனும் இறந்துவிட்டதால், முந்திரி ஆலைக் கூலியைக் கொண்டு பத்து வயதுப் பேரனை அவர்தான் வளர்த்து வருகிறார். (ஊரின் பெயரைக்கூட நான் குறிப்பிடவில்லை, குழந்தையை அடையாளம் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது.) பேரனுக்கு அரசின் நிதி உதவி கேட்டு, குழந்தைகள் நலக் குழு கூடும் நாகர்கோவிலுக்கு அவர் மேற்கொண்ட மூன்றாவது பயணம் அது. ஓர் அலுவலகத்தில் கொடுத்த இறப்புச் சான்றிதழ் நகலையே மற்றோர் அலுவலகத்திலும் கேட்டார்கள். முந்திரிச் சாறு பட்டுக் கறுத்த விரல்களால் பிளாஸ்டிக் உறையிலிருந்து அவர் அதை எடுப்பதற்குள், பெற்றோர் எந்த நாளில், எப்படி இறந்தார்கள் என்பதைப் பையனே ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான். அத்தனை முறை அவன் அதைக் கேட்டிருக்கிறான்.

அலுவலர்கள் யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. குறை இருப்பது ஏற்பாட்டில். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி, ஆதரவு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு என்பது தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உடையது. மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டியது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அதன் முன் கொண்டுவர வேண்டும். விசாரணை, களப்பணி, நிதி ஆதரவு ஆகியவற்றைக் கவனிப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் தேவையானவையே. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு போக வேண்டிய இடத்தில் குழந்தை போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெறக் கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. அப்படிப்பட்ட குடும்பத்தை ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நாள் கூலியை இழந்து, மார்த்தாண்டத்தில் பேருந்து மாறி நாகர்கோவிலுக்கு வரச் சொல்வது, அந்த உதவியைக் கேட்காமலே விட்டுவிடச் சொல்வதற்குச் சமம். 2017-இல் ஒக்கி புயல் எத்தனையோ வீடுகளில் தந்தையரைப் பறித்துச் சென்ற தூத்தூர், வள்ளவிளைக் கடற்கரையும், கேரள எல்லையை ஒட்டிய நீரோடியும் மாவட்டத்தின் இந்த மேற்குக் கோடியில்தான் இருக்கின்றன.

ஒரு மாவட்டத்துக்கு ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களை அமைக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இரண்டாவது குழு அமையும்வரை, இப்போதுள்ள குழு வாரத்தில் ஒரு நாளாவது இந்த மேற்குப் பகுதியிலுள்ள குழித்துறையில் அமர்ந்து விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களின் குழந்தைகளைச் சந்திக்க வேண்டும். களப்பணியாளர் வீட்டுக்கே சென்று, குழந்தையைத் தனியே அமர்த்தி, ஒரே ஒரு முறை பொறுமையாகக் கேட்டு எழுதும் அறிக்கையை எல்லா அலுவலகங்களும் ஏற்க வேண்டும். சான்றிதழ் நகல்களும் அதனுடனே செல்ல வேண்டும்.

குழுவின் செயல்பாட்டைக் காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அடுத்த ஆய்வில் இந்த இரண்டு கோரிக்கைகளையும் எடுத்துக்கொள்ளுமாறு அவரை வேண்டுகிறேன். மூதாட்டியை அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பையனும் வர வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கிள்ளியூர் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.