தேனீ ராணியின் கதையைச் சொல்லம்மா

அன்புள்ள மகளுக்கு,

குட்டிக்கு ராத்திரி சொல்ல அந்த ஊர்க் கதை ஒன்று கேட்டிருந்தாய். ஜெர்மனியில் நீங்கள் இருக்கும் காஸல் நகரில் வாழ்ந்தபோதுதான், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்கள் 1812-ல் தங்கள் முதல் கதைத் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். அதிலிருக்கும் தேனீ ராணி கதையைச் சொல்லு.

மூன்று இளவரசர்கள். கடைசிப் பையனை அண்ணன்மார் மக்கு என்று கேலி செய்வார்கள். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடுவதைப் பார்ப்பதற்காகவே புற்றைக் கிளற வேண்டும் அவர்களுக்கு. ஏரியில் வாத்தைக் கண்டால் பிடித்து வறுக்க வேண்டும். தேன் வழியும் மரத்தைக் கண்டால் அடியில் தீ மூட்டித் தேனீக்களைக் கொல்ல வேண்டும். மூன்று முறையும் தம்பி குறுக்கே வந்து, "அதுங்களை விட்டுடுங்க, என்னால பொறுக்க முடியாது" என்பான். இந்த இடத்தை நிதானமாகச் சொல்லு, மூன்றாவது தடவை குட்டியே சேர்ந்து சொல்வாள்.

மாயக் கோட்டைக்கு வந்தபின் கதை தானாக ஓடும். பாசிக்கடியில் கிடக்கும் 1000 முத்துக்களைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்க வேண்டும். முடியாமல் அண்ணன்கள் கல்லாகிறார்கள். தம்பி ஒரு கல்மேல் உட்கார்ந்து அழும்போது எறும்பு ராஜா 5000 எறும்புகளோடு வந்து பொறுக்கித் தருகிறார். அடுத்து இளவரசியின் அறைச் சாவியை ஏரியிலிருந்து எடுக்க வேண்டும்; வாத்துகள் மூழ்கி எடுத்துத் தருகின்றன. கடைசியாக, ஒரே சாயலில் தூங்கும் மூன்று இளவரசிகளில் இளையவள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும்; தூங்குமுன் தேன் சாப்பிட்ட அவளைத் தேனீ ராணி காட்டிக்கொடுக்கிறாள். கல்லான அண்ணன்களும் எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தண்டனை இல்லாதது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதே சகோதரர்களின் வெள்ளைப் பாம்பு கதையும் விலங்குகளுக்கு உதவியவனைப் பற்றியதுதான். ஆனால் அதில் மீனும் எறும்பும் காக்கைக் குஞ்சும் அப்போதே "கைம்மாறு செய்வோம்" என்று வாக்குக் கொடுத்துவிடும். இதில் யாரும் எந்த வாக்கும் தரவில்லை. திரும்ப எதுவும் வரும் என்று நினைக்காமல்தான் தடுக்கிறான் அந்தப் பையன். அவனுக்கு அது தாங்கவில்லை, அவ்வளவுதான். அந்த மனசு நம் குட்டிக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதோடு, வெள்ளைப் பாம்பில் பசித்த காக்கைக் குஞ்சுகளுக்காக அவன் தன் குதிரையையே வெட்டிப் போடுகிறான். அத்தனை தூரம் சுமந்து வந்த குதிரை! எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அதை இப்போது சொல்லாதே. பெரியவளானதும் அவளே படித்துக் கேட்கட்டும்.

கதை சொன்னதும் அவள் என்ன கேட்டாள் என்று எழுது. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லம்மா.

அன்புடன்,
அப்பா