மிதி கயாக் வாங்கும் முன் கண்மாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடி கயாக்குகள் என்னும் சிறுபடகுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். துடுப்புப் பிடிக்க வேண்டாததால் கைகள் தூண்டிலுக்கு விடுபடுகின்றன என்பதும், தொடைத் தசைகள் தோள்களைவிட நெடுநேரம் சளைக்காமல் உழைக்கும் என்பதும் உண்மையே. அவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்கள் சிலர் இப்படகுக்காகப் பணம் சேர்த்து வருவதால், கட்டுரை தொடாமல் விட்ட குறைகளை நம் பகுதியின் நீர்நிலைகளை வைத்து எழுதுவது தேவை என்று கருதுகிறேன்.

இவ்வகைப் படகுகளில் இயங்கும் அமைப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஹோபி நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்திய மிராஜ் டிரைவில், மிதிகளை மாறி மாறி முன்தள்ளும்போது படகின் அடியில் இரண்டு சிறகுகள் பெங்குவின் நீந்துவதைப் போல இடமும் வலமும் வீசிப் படகைச் செலுத்துகின்றன. மற்ற வகையில், மிதிவண்டியைப் போலச் சுழற்றி மிதித்தால் பற்சக்கரங்களின் வழியே சிறிய புரொப்பல்லர் (உந்துவிசிறி) ஒன்று சுழல்கிறது. எந்த வகையானாலும் இயங்கும் உறுப்பு படகின் அடிப்பாகத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரை அடி இறங்கியே நிற்கும் என்பதை, வாங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் கண்மாய்கள் எப்படிப்பட்டவை என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, மாசி பங்குனிக்குள் பெரும்பாலும் வற்றிவிடும் இந்நீர்நிலைகளில் கரையோரம், மடையடி, உபரிநீர் வழியும் கலுங்குப் பக்கம் ஆகிய இடங்களில்தான் ஓரளவு ஆழம் இருக்கும். நீர் பரவி நிற்கும் உள்வாய்ப் பகுதி முழுவதும் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர்தான். அந்த உள்வாயில் வனத்துறை வளர்த்த நாட்டுக் கருவேல மரங்களும், யாரும் வளர்க்காமலே வளர்ந்த சீமைக் கருவேலமும், வெட்டிய பின் தண்ணீருக்குள் மறைந்து நிற்கும் அடிக்கட்டைகளும் ஏராளம். விரால் மீனோ அந்த மர நிழலிலும் தாமரை இலைகளுக்கு இடையிலும்தான் கிடக்கும். மீன் இருக்கும் இடத்தில் மிதி வேலை செய்யாது, மிதி வேலை செய்யும் நடுத்தண்ணீரில் விரால் அகப்படுவது அரிது என்பதே என் முதன்மையான ஆட்சேபம். அல்லித் தண்டும் வேலம்பாசியும் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் அமைப்பையே மேலே தூக்கிக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். சிறகு வகை, ஒரு மிதியை முழுவதும் முன்னே தள்ளினால் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாசிக்கு மேல் வழுக்கிச் செல்ல உதவும். ஆனால் ஒட்டியிருக்கும்போது அது படகைச் செலுத்தாது. அப்போது கையில் எடுக்க வேண்டியது துடுப்பைத்தான். அகலமாகவும் உயர்ந்த இருக்கையோடும் செய்யப்பட்ட இப்படகைத் துடுப்பால் தள்ளுவது, அதற்கென்றே குறுகலாகச் செய்த சாதாரண கயாக்கைத் தள்ளுவதைவிடக் கடினமானது.

ஊருணிகளைப் பற்றிப் பேச்சே எழக்கூடாது. அவை குடிப்பதற்காக நம் முன்னோர் வெட்டி வைத்தவை. கண்மாய்களிலும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் இசைவின்றித் தூண்டில் போட முடியாது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயமாக இருப்பவை. அங்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊரார், படகைக் கொண்டு போனால் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்தது எடை. துடுப்பால் ஓட்டும் சாதாரண மீன்பிடி கயாக் ஒன்றை, நல்ல உடற்கட்டு உள்ளவர் தனியே தோளில் ஏற்றிக்கொள்ளலாம். பெரிய மிதி கயாக்குகள் அப்படியல்ல. ஹோபியின் ப்ரோ ஆங்லர் 14 என்னும் படகு 4 மீட்டருக்கு மேல் நீளமும், ஒரு மீட்டரை நெருங்கும் அகலமும், எல்லாம் பூட்டிய நிலையில் 60 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. மிதி அமைப்பையும் இருக்கையையும் கழற்றினாலும் அதைக் காரின் கூரையில் ஏற்ற இருவர் வேண்டும். கண்மாய்க் கரையின் சரிவில் இறக்கி ஏற்றுவதற்கும் துணை வேண்டும். குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் மீனுக்கு மேல் செலவாகும். வைக்கும் இடம் மட்டும் நமக்குக் குறைவில்லை; ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நம் வீடுகளின் வளவில் இதைப்போல் பல படகுகளைப் போடலாம். வெயில் படாத அந்த நிழல், பாலிஎதிலினால் ஆன படகுக்கு நல்லதும்கூட. பங்காளிகள் ஒப்புக்கொள்வார்களா என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது.

கண்மாய் வேண்டாம், கடற்கரை ஊரான தொண்டிக்குக் கொண்டு போகிறோம் என்பவர்களின் வாதம் சற்று வலுவானது. திறந்த நீரில், தொலைவு கடக்க வேண்டிய இடத்தில், மிதி கயாக்கின் சிறப்பு வெளிப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பாக் நீரிணைப் பகுதியின் கரையோரக் கடல் நெடுந்தூரம் ஆழமற்றது. அடியில் கடற்புல் அடர்ந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்கு, கடற்பசு மேயும் இந்தப் புல்தான் அடிப்படை. மிதப்பதற்கு நல்ல நீரானாலும், அறுந்து மிதக்கும் புல் மிதி அமைப்பில் சிக்கும் நீர் அது.

காற்றும் நமக்கு இசைவாக இல்லை. கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் கடலில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று அலையைக் கரை நோக்கித் தள்ளும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்மாய் வறண்டு கிடக்கும்; கடலிலோ அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், போகும்போது படகு தானாகவே ஓடுவதைப் போல் இருக்கும், திரும்பும்போதுதான் அதன் வலிமை தெரியும். இங்கேதான் மிதி கயாக்கின் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து. கால் களைப்பில்லாமல் மிதிப்பதால், துடுப்பை நம்பிப் போயிருந்தால் நாம் துணியாத தொலைவுக்கு இது நம்மைக் கொண்டு சேர்த்துவிடும். அங்கே மிதி அமைப்பின் பூட்டு ஊசி (பின்) ஒன்று முறிந்தாலோ, சிறகின் தண்டு வளைந்தாலோ, எதிர்க்காற்றில் அந்த அகலமான படகைக் கையால் வலித்துக் கரை சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே துடுப்பு இல்லாமலோ உயிர்காப்பு அங்கி அணியாமலோ எவரும் கடலில் இறங்கக்கூடாது; துடுப்பால் மட்டுமே திரும்பி வரக்கூடிய தொலைவுக்கு அப்பால் செல்லவும் கூடாது. அவ்வாறு கட்டுப்படுத்திக்கொண்டால், அதிக விலை கொடுத்து மிதி வாங்கியதன் பயனில் பாதி போய்விடுகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கைகள் இரண்டும் விடுபடும் என்ற விளம்பரமும் முழு உண்மையன்று. சுக்கானைத் திருப்பும் பிடி பக்கவாட்டில் இருப்பதால், காற்று குறுக்கே அடிக்கும்போது ஒரு கை அதிலேயே கிடக்கும். துடுப்பால் நின்ற இடத்திலேயே படகைத் திருப்பலாம். சுக்கானுக்கோ வளைந்து வர இடம் தேவை. பழைய சிறகு வகைகளால் பின்னோக்கிச் செல்லவும் இயலாது. கொடுவா போன்ற பெரிய மீன் தூண்டிலைக் கவ்விப் படகின் அடியில் பாய்ந்தால், தூண்டில் நரம்பு சிறகிலோ புரொப்பல்லரிலோ உரசி அறுபடுவதும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் மிதித்துப் பார்ப்பது நல்லது.

விலையைப் பொறுத்தவரை, முன்னணி நிறுவனங்களின் பெரிய மிதி கயாக்குகள் அமெரிக்காவிலேயே 3,000 டாலருக்கு மேல் விற்பவை. கப்பல் கூலியும் சுங்க வரியும் தனி. அதைவிட முக்கியமானது பின்னால் வரும் செலவு. உப்பு நீரில் ஓடிய ஒவ்வொரு முறையும் மிதி அமைப்பைக் கழற்றி நன்னீரில் கழுவ வேண்டும். அது பொருந்தும் துளையில் சேரும் மணலை நீக்க வேண்டும். அசையும் பாகங்களை அவ்வப்போது பார்த்து வர வேண்டும். சிறு உதிரிப்பாகம் தேய்ந்தாலும் நம்மூர்ப் பட்டறையில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் கண்மாய் வற்றிவிடக் கூடும்.

இவ்வளவும் சொன்னது எவரையும் தடுப்பதற்காக அன்று. தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ குடியிருந்து, காற்றை அறிந்து, மீன்வளத்துறையிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு இப்படகு பொருந்தலாம். காரைக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்புகிறவருக்கு எடை குறைந்த துடுப்பு கயாக்கே போதும் என்பதுதான் என் முடிவு. இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறையின் ஏற்பாட்டில் கயாக் ஓட்டலாம். துடுப்பு தம் கைக்கு ஒத்துவருமா என்பதை அங்கே குறைந்த செலவில் அறிந்துகொள்ள முடியும்.

இறுதியாக, இப்படகுகளை விற்க முன்வருவோருக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். கடையின் சிமெண்டுத் தரையில் நிறுத்திக் காட்டி முன்பணம் வாங்குவதற்குப் பதிலாக, குத்தகைதாரரின் இசைவோடு பாசி படர்ந்த ஒரு கண்மாயில் இறக்கி, வாங்குபவரையே ஒரு காலைப்பொழுது மிதிக்க விட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தூண்டில் ஆர்வமுள்ள வாசகர் ஒருவர்,
காரைக்குடி.