எட்டுப் பேர், இரண்டு படகு: பிச்சாவரம் ஒருநாள் பயணங்கள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகும் சாலையில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். காலையில் பறவை பார்ப்பது, மதியம் உள்ளூர்ச் சாப்பாடு என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒருநாள் பயணங்கள் நடக்கின்றன. எண்ணம் நல்லது. ஆனால் நாற்பது ஐம்பது பேரை ஒரே வண்டியில் ஏற்றிவந்தால் பறவையும் கிடைக்காது, ருசியும் கிடைக்காது. ஒரு பயணத்துக்கு எட்டுப் பேர் போதும். அன்றைய நேரத்தைப் பறவையும் கடல்நீரும் தீர்மானிக்கட்டும். அடுப்பு அதற்குப் பின்னால் வரட்டும். இதை வலியுறுத்தவே இந்தக் கடிதம்.

எட்டு என்ற கணக்கு படகிலிருந்து வருகிறது. துடுப்புப் படகு ஒன்றில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். இரண்டு படகுகள் ஒன்றையொட்டி ஒன்று போனால் வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொல்வதே இரண்டுக்கும் கேட்கும். மூன்றாவது படகு சேர்ந்ததும் அவர் கத்த வேண்டியிருக்கும். கத்தினால் வக்கா முதல் மீன்கொத்தி வரை எழுந்து போய்விடும். படகுக்கு முன் பறவை பார்க்க நிற்கும் ஏரிக்கரையிலும் இதே கதைதான். எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். இருபது பேர் என்றால் பின்னால் நிற்பவர் முன்னால் வந்து, தண்ணீர் ஓரம் வரை இறங்கிவிடுவார். சமையலுக்கும் இந்த அளவே பொருந்துகிறது. வீட்டு அடுப்பு இரண்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சூடாகச் செய்து உடனே பரிமாறலாம். அதற்கு மேல் போனால் காலையிலேயே ஆக்கி அண்டாவில் மூடிவைக்க வேண்டும். மீன் குழம்பு அதைத் தாங்கும். வறுவலும் நண்டும் தாங்காது.

பருவத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வலசை வாத்துகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச்சில் திரும்பிவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி முடிய உள்ள நாள்களே நமக்கு ஏற்றவை. பண்ருட்டிப் பலா சித்திரைக்குப் பிறகுதான் குவியும். ஆகவே ஊசிவால் வாத்தையும் பலாச்சுளையையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். கோடையில் வருவோர்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் ஏறும். தையில் பலா இல்லாவிட்டால் என்ன, அவித்த பனங்கிழங்கும் பன்னீர்க் கரும்பும் இருக்கின்றன. பண்ருட்டி முந்திரி எந்த மாதத்திலும் கிடைக்கும்.

முதல் நிறுத்தம் குறிஞ்சிப்பாடி வட்டத்துப் பெருமாள் ஏரியாக இருக்கட்டும். படகுத்துறை விடியலில் திறப்பதில்லை. பறவையோ விடியலில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த இடைவெளியை ஏரி நிரப்பும். மேலும் நம் மாவட்டத்தில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெருமாள் ஏரி, வீராணம் போன்றவற்றுக்குக் கரை கிழக்கிலும் நீர் மேற்கிலும் இருக்கும். காலையில் கரைமேல் நிற்பவருக்கு வெயில் முதுகில் விழும், எதிரே உள்ள பறவையின் நிறம் தெளியும். மாலையில் போனால் சூரியன் கண்ணுக்கு நேரே. எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். சனவரியில் சூரியன் ஆறரையையொட்டி எழும். கடலூரிலிருந்து ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால் ஆறேகாலுக்குக் கரையில் நிற்கலாம். கரையில் கழிப்பறை கிடையாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லி, வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்த வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுப் பெண்களைச் சங்கடப்படுத்தும் பயணங்கள் ஏராளம்.

நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை ஆகியவை புதியவர்களுக்கும் எளிதில் பிடிபடும். நத்தைகுத்தியின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதைக் காட்டிவிட்டால் அவர்கள் அதன் பெயரை மறக்கவே மாட்டார்கள். தொலைநோக்கி இருவருக்கு ஒன்று போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீட்டர் அகலமுள்ள வகை நல்லது. பத்து மடங்கு என்றால் படகு ஆடும்போது படமும் ஆடும். எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்பவர்களுக்கு மீட்டர் கணக்கு உதவாது. இரை தேடும் பறவை தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டினால் அதுவே எல்லை. அங்கேயே நின்று, அது மறுபடி மேயத் தொடங்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பூநாரையைக் காட்டுவதாக யாருக்கும் வாக்குத் தரக்கூடாது.

எட்டு மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பினால் ஒன்பதுக்குச் சிதம்பரம். காலை உணவுக்கு அந்த ஊரின் கொத்சை விட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசல் விட்டுக் கொதிக்கவைத்து, வறுத்துப் பொடித்த தனியா, மிளகாயைக் கடைசியில் தூவி இறக்குவது. மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துப் போட்ட சம்பா சாதம் அதற்கு இணை. கோயில் நைவேத்தியத்தில் வெங்காயம் சேராது. உணவு விடுதியில் சேர்ப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கக் கொடுத்தால்தான் வேறுபாடு புரியும். தலைக்கு ஒரு கரண்டி சாதம், இரண்டு இட்லி, அதோடு நிறுத்த வேண்டும். வயிறு நிறையப் பொங்கலும் வடையும் கொடுத்துப் படகில் ஏற்றினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

பிச்சாவரத்தில் தேதியைத் தேர்ந்தெடுப்பதுதான் நுட்பமான வேலை. கடல்நீர் ஏறுவதை ஏத்தம் என்றும் இறங்குவதை வத்தம் என்றும் மீனவர் பேச்சில் சொல்வார்கள். ஒரு வத்தத்துக்கும் அடுத்த வத்தத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முழு ஏத்தத்தில் போனால் வேர்கள் மூழ்கி, வெறும் இலைச்சுவர்தான் தெரியும். முழு வத்தத்தில் போனால் குறுகிய கால்வாயில் படகு தரைதட்டும். வத்தம் முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு படகேறுவதே சரி. உள்ளே போகும்போது நீர் இருக்கும். திரும்பும்போது சேறு வெளிப்பட்டு உள்ளான் பறவைகளும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும், சேற்றில் துள்ளும் மீன்களும் தெரியும். பத்தரை மணிக்குப் படகேற வேண்டுமானால் பதினைந்து நாளுக்கு மூன்று நான்கு நாள்களே பொருந்தும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கும் மாறும். முதல்நாள் மாலை படகோட்டியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மோட்டார் படகு வேண்டாம். அது குறுகிய கால்வாய்களுக்குள் போகாது, அதன் இரைச்சலும் பறவைகளைக் கலைத்துவிடும். உயிர்காப்பு மேலாடையின் வாரைப் பூட்டியபின்தான் படகு நகர வேண்டும். தோளில் போட்டுக்கொள்வது போட்டதாகாது.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இந்தக் காட்டைச் சுரபுன்னை, வெண்கண்டல் என்று மரப்பெயர் சொல்லி முடித்துவிடக்கூடாது. முன்பு இங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் கடல்நீர் தேங்கி வெயிலில் ஆவியாகி, உப்பு மிகுந்து, விதை முளைக்காமல் போயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள்: நடுவே பெரியது, இருபுறமும் சாய்வாகச் சிறியவை. ஏத்தத்தில் நீர் ஏறி வத்தத்தில் இறங்கி உப்பைக் கழுவியது; மரம் திரும்ப வந்தது. அந்தக் கால்வாய் வடிவத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்துச் சென்று காட்டினால் போதும், காட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். தண்ணீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் வழியில் காணலாம். கேட்காமல் படம் எடுப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

மதியச் சாப்பாடு கிள்ளைப் பக்கத்து வீடொன்றில். மீன், முடசல் ஓடை மீன் இறங்குதளத்தில் அன்று காலை இறங்கியதாக இருக்க வேண்டும். எட்டு விருந்தினரும் உடன் வரும் மூவரும் சேர்ந்து பதினொரு பேருக்குக் கணக்கு: முழு மீனாக இரண்டு கிலோ சங்கரா, ஓட்டோடு ஒன்றரை கிலோ இறால் (தலையும் ஓடும் போக முக்கால் கிலோ நிற்கும்), நடுத்தர நண்டு ஆறு, அரிசி ஒரு கிலோ. அடிவயிற்றில் முட்டைக் கொத்து ஒட்டிய நண்டை வாங்கவே கூடாது. சைவர் ஒருவராவது இருப்பார். அவருக்கு மீனுக்குப் பதில் கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்டு, அதேபோல வடகம் தாளித்த குழம்பு, தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு. இறால், நண்டு ஒவ்வாதவர் யார் என்று முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும்.

குழம்பின் உயிர் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம் ஒரு கிலோவுக்குப் பூண்டு 200 கிராம், உளுந்து 100 கிராம், கடுகும் சீரகமும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, சித்திரை வெயிலில் பத்து நாள் காயவைப்பது. நாள்தோறும் உதிர்த்துக் காயவைத்து, மாலையில் மறுபடி உருட்ட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து வடூவான் என்ற பெயரில் கொண்டுபோன மசாலா இதன் வழிவந்ததே. ஓர் உருண்டையை எல்லோர் கையிலும் கொடுத்து முகரச் சொல்லிவிட்டுத் தாளிக்க வேண்டும். தீ மெலிதாக இருக்கட்டும். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் கருகினால் சட்டி முழுக்கக் கசக்கும். புளியின் பச்சை வாடை போனபின் மீனைப் போட்டு ஏழெட்டு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்ற வேண்டும். இறக்கி அரைமணி நேரமாவது ஆறவிட்டால்தான் புளியும் காரமும் மீனில் இறங்கும்.

மீன் கெடுவது பற்றி ஒரு வார்த்தை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வெயிலில் வைத்தால் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். வாசனையில் பிடிபடாமலும் போகலாம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று பெட்டியில் அடுக்குவது ஒன்றே வழி. ஐஸ் செலவில் கைவைப்பவர் நடத்தும் பயணத்தில் சேராதீர்கள்.

எங்களை மிகவும் வருத்துவது வேறொன்று. காட்டுப் பயணம், உள்ளூர் ருசி என்று சேர்த்துச் சொன்னதும் சிலர் கொக்குக்கறி கிடைக்குமா, மடையான் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். காலையில் எந்தப் பறவையைப் பார்க்க நானூறு ரூபாயோ நாலாயிரம் ரூபாயோ கொடுத்தோமோ, அதையே மதியம் இலையில் கேட்பது எப்படி? நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதும் விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கேட்பவர் இருப்பதால்தான் வயல்வெளியில் கண்ணி விழுகிறது. பண்ணைக் காடை வேறு. அதையும் இப்படிப்பட்ட பயணத்தில் பரிமாறாமல் இருப்பதே நல்லது, குழப்பம் வராது. படகிலிருந்து முறுக்கோ மீன்துண்டோ எறிவதும் வேண்டாம். அதைத் தேடிக் காக்கை வரும். வந்த காக்கை கூடுகளின் முட்டையையும் விடாது.

பணம் கொடுப்பதிலும் ஒரு முறை வேண்டும். சமைக்கும் பெண்களுக்கும் படகோட்டிக்கும் தலைக்கு இவ்வளவு என்று பேசினால், மூன்று பேர் வராமல் நின்றுவிடும் நாளில் வாங்கிய மீனின் நட்டம் அந்த வீட்டின் மீது விழும். குழுவுக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முதல்நாளே மீன் வாங்கக் கொடுக்க வேண்டும். சமையல் செய்யும் வீடு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள ஏற்பாட்டாளரே உதவலாம். விண்ணப்பம் நிரப்புவதுதான் அவர்களுக்குத் தடையாக நிற்கிறது.

சுற்றுலாத் துறைக்கும் வனத்துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். மார்கழி, தை, மாசி மூன்று மாதங்களிலாவது துடுப்புப் படகுகளுக்கு மட்டும் காலை ஆறரை மணி முறை ஒன்றைத் திறந்துவிடுங்கள். படகுத்துறைப் பலகையில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அன்றைய ஏத்த, வத்த நேரத்தையும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
கடலூர், சிதம்பரம் வட்டாரப் பறவை ஆர்வலர்கள் சிலர்