அரைக் கிலோவை வைத்து ஒரு லாரிக் கடலைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய உணவு ஆய்வு அதிகாரிகளுக்கும், மாதிரி எடுக்கும் விதிகளை வகுப்போருக்கும்,

வணக்கம். கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை விளக்க இந்த மடல் எழுதவில்லை. சென்ற மாதம் ஒரே நிலக்கடலை லாட் (ஒரே தொகுதியாக வந்த சரக்கு) ஓர் ஆய்வகத்தில் தேறியது, இன்னொன்றில் தோற்றது. பழி ஆய்வகங்கள் மேல் விழுந்தது. இரண்டு முடிவுகளுமே சரியாக இருந்திருக்கலாம். கோளாறு, மூட்டையிலிருந்து கடலையை அள்ளிய விதத்தில் இருக்கிறது.

இந்த நஞ்சு பாலில் கலந்த தண்ணீரைப் போல எங்கும் பரவிக் கிடப்பதில்லை. காய் முற்றும் நேரத்தில் மண் காய்ந்தால், அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை மண்ணிலேயே சில காய்களுக்குள் புகுந்துவிடும். ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் நஞ்சாகக் கிடக்கும். அந்த ஒரு பருப்பில் கிலோவுக்கு 1,00,000 மைக்ரோகிராம் என்ற அளவுக்கும் மேலே போவதுண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பருப்பின் எடை 0.4 கிராம் என்றால், அப்படிப்பட்ட ஒன்றில் 40 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கிறது. 2 கிலோவுக்கு ஒன்று வீதம் கலந்திருந்தால் லாட்டின் சராசரி கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு வரம்பு 15, ஆகவே அந்த லாட் தள்ளப்பட வேண்டியது. ஆனால் அதில் 500 கிராம் அள்ளினால், நான்கில் மூன்று முறை அந்தப் பருப்பு கையில் சிக்காது. நஞ்சே இல்லை என்று முடிவு வரும். மறுபுறம், 20 கிலோவுக்கு ஒன்றுதான் இருக்கிறது என்றால் சராசரி வெறும் 2. நல்ல கடலை. அந்த ஒன்று உங்கள் அரைக் கிலோவில் விழுந்துவிட்டால் 80 என்று வரும், விவசாயியின் லாட் திரும்பிப் போகும். இதை நஞ்சின் அளவைக் காணும் எந்த எச்.பி.எல்.சி. கருவியும் திருத்தாது.

அதனால்தான் உலக உணவுத் தர விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் 20 கிலோ மாதிரி கேட்கிறது. லாட்டின் நூறு இடங்களில், மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும், இடத்துக்கு 200 கிராம். அந்த 20 கிலோவையும் முழுதாக அரைக்க வேண்டும். கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய். காய்ந்தபடி அரைத்தால் பிசுபிசுத்துக் கட்டியாகும், நஞ்சும் சீராகக் கலக்காது. தண்ணீர் விட்டுக் கூழாக அரைத்து, அதிலிருந்து எடுப்பதே சோதனைக்கு உரியது. முழுப் பருப்பாக ஒரு கை அள்ளி அரைத்தால் நூறு இடங்களில் குத்தி எடுத்த உழைப்பு அத்தனையும் வீண்.

இன்னொன்று, மாதிரியைப் போட்டு அனுப்பும் பை. ஐப்பசி மழையில் பிடுங்கிய கடலையின் பருப்பில் ஈரம் 7 சதவீதத்தைத் தாண்டியே இருக்கும். அதைப் பாலித்தீனில் சீல் வைத்து, வெயிலில் நிற்கும் வண்டியில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் உள்ளே வியர்த்து, பூஞ்சை அங்கேயே வளரும். பையில் விளைந்த நஞ்சுக்கு விளைவித்தவர் பொறுப்பா? துணிப் பை கொடுங்கள், அன்றே அனுப்புங்கள்.

கடலையில் தவறவிடுவது பாலில் வந்து நிற்கிறது. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். மாடு அதைத் தின்றால் அந்த நஞ்சு உடலில் உருமாறி, பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 ஆக வரும், காய்ச்சினாலும் போகாது. 2018-ல் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368 எம்1 வரம்பை மீறின. தமிழ்நாட்டில் 551-க்கு 88. அப்போது கேள்வி கேட்கப்பட்டது பால் கறப்பவரிடம். பிண்ணாக்கு மூட்டையை யாரும் குத்திப் பார்க்கவில்லை என்பது எங்களுக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

செலவு கூடும், ஆள் போதாது என்பீர்கள். உண்மைதான். 20 கிலோவை அரைக்கும் இயந்திரம் எல்லா ஆய்வகத்திலும் இல்லை. மண்டலத்துக்கு ஓர் அரைக்கும் நிலையம் அமைத்தால், அங்கிருந்து கூழை மட்டும் குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

மாதிரி 20 கிலோவாக இருக்கட்டும், முழுதும் அரைக்கப்படட்டும். இந்த ஆடிப்பட்டக் கடலை மண்டிக்கு வருமுன் இதை எழுத்தில் ஆணையாக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூஞ்சை நஞ்சு ஆய்வில் இருக்கும் வேதியியலாளர்கள்