ஐரோப்பிய மத்திய வங்கிக்கு ஒரு திறந்த மடல்: உரைகல்லை நீங்களே எடுங்கள்

ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். பாரிஸ் புறநகரில் மளிகைப் பொருள்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஆண்டுக் கணக்கை இந்நாட்டு மத்திய வங்கியான பிரான்ஸ் வங்கி வாங்கிப் பார்த்து எங்களுக்குத் தரம் போடுகிறது. ஒரு வருடம் கையிருப்புச் சரக்கு வழக்கத்தைவிட அதிகம். போனில் கூப்பிட்டார்கள். "அரிசி தேங்கிவிட்டதா, விலை ஏறும் என்று வாங்கி வைத்தீர்களா?" விளக்கம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். நீங்கள் வங்கிகளுக்குப் பணம் கொடுக்கும்போது, எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அவை கொடுத்த கடனை ஈடாக ஏற்க அந்தத் தரத்தையும் பார்க்கிறீர்கள். ஒரு அரிசி வியாபாரத்துக்கு இவ்வளவு அக்கறை. ஒரு நாட்டின் கடன் பத்திரத்தை ஈடாக வாங்கலாமா என்ற கேள்வி வந்தால் மட்டும், மூடிஸ் போன்ற சில தனியார் தர நிறுவனங்கள் 'ஏ', 'பி' என்று போடும் தர எழுத்தைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள். இந்த ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நகைக்கடனுக்குப் போனால் வங்கி மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்ப்பார். அவர் தப்பாகச் சொன்னாலும் தங்கம் தங்கமாகவே இருக்கும். நாட்டுக் கடன் அப்படியல்ல. தரம் குறைந்தது என்று அறிவித்ததும் பத்திரத்தை விற்கிறார்கள், புதுக் கடனுக்கு வட்டி ஏறுகிறது, அந்த வட்டியைக் கட்ட மருத்துவமனைச் செலவும் ஓய்வூதியமும் வெட்டப்படுகின்றன. வியாபாரம் படுத்து வரி வசூல் குறைகிறது. அதைக் காட்டி மறுபடியும் தரத்தைக் குறைக்கிறார்கள். உள்ளூர் வங்கிகளின் பெட்டியில் இருப்பதும் அதே பத்திரம் என்பதால் அவையும் கூடவே சரிகின்றன. இங்கே மதிப்பீட்டாளரின் வாயே பொன்னைப் பித்தளையாக்கிவிடுகிறது.

கிரீஸ் தன் கணக்கை மறைத்தது உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2009 டிசம்பர் வரை மூடிஸ் அந்த நாட்டுக்கு 'ஏ1' என்ற நல்ல தரத்தைக் கொடுத்து வைத்திருந்தது. அடுத்த ஏப்ரல் 27 அன்று இன்னொரு தர நிறுவனமான ஸ்டாண்டர்ட் அண்ட் பூவர்ஸ் அதைக் 'குப்பை' என்ற வரிசைக்குத் தள்ளியது. நோய் வளர்ந்த காலமெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, விழுந்த பிறகு ஓடி வந்து அறிவித்தார்கள். பொருளாதாரத்தில் கால் பங்கு கரைந்தது. 2013இல் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. எல்லாம் தரக்குறைப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன். சரிவை அது செங்குத்தாக்கியது.

ஒரு தர வரம்புக்குக் கீழே போன பத்திரத்தை ஈடாக ஏற்பதில்லை என்ற உங்கள் விதியில் நீங்களே நம்பிக்கை வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010 மே 3 அன்று கிரீஸுக்காகவும், 2011 மார்ச்சில் அயர்லாந்துக்காகவும், மூடிஸ் போர்ச்சுகலை ஒரேயடியாக நான்கு படி இறக்கிய இரண்டாம் நாள் அந்நாட்டுக்காகவும் அந்த வரம்பைத் தள்ளி வைத்தீர்கள். நல்லது செய்தீர்கள். ஆனால் தளர்த்திய கையே இறுக்கவும் செய்தது. 2015இல் கிரேக்கத் தேர்தல் முடிந்த பத்தாம் நாள், பிப்ரவரி 4 இரவு, அந்தச் சலுகையை விலக்கிக்கொண்டீர்கள். ஜூன் 28 அன்று கிரேக்க வங்கிகளுக்கான அவசரக் கடனின் உச்சவரம்பையும் உயர்த்தாமல் நிறுத்தினீர்கள். மறுநாள் அங்கே வங்கிகள் திறக்கவில்லை. ஏடிஎம் அட்டை வைத்திருந்தவர்கள் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம். அட்டையே இல்லாத ஓய்வூதியக்காரர்களுக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து, ஆளுக்கு 120 யூரோ என்றார்கள். விடிவதற்கு முன்பே பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற அந்தக் கிழவர்களும் கிழவிகளும் எந்தக் கணக்கையும் மறைக்கவில்லை.

போர்ச்சுகலின் கதை இன்னும் மனத்தை உறுத்துகிறது. 2014இல் கடனுதவித் திட்டம் முடிந்ததும் சலுகையும் போயிற்று. அதன்பின் 2017 செப்டம்பர் வரை நீங்கள் அப்போது ஏற்ற நான்கு தர நிறுவனங்களில் டொரண்டோவின் டிபிஆர்எஸ் மட்டுமே அந்நாட்டை வரம்புக்கு மேல், அதுவும் கடைசிப் படியில், வைத்திருந்தது. 2016 அக்டோபர் 21, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கோடிப் பேர் வாழும் நாடு கடல் கடந்த ஒரு அலுவலகத்தின் அறிக்கைக்காகக் காத்திருந்தது. ஒரு படி இறங்கியிருந்தால் அதன் பத்திரங்களை வாங்குவதை நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். தரம் மாறவில்லை, தப்பித்தது.

இப்போது நான் வாழும் பிரான்ஸின் முறை. 2025 செப்டம்பர் 12 அன்று ஃபிட்ச் என்ற தர நிறுவனம் அதன் தரத்தை 'ஏ பிளஸ்' ஆகக் குறைத்தது. ஐந்து வாரத்தில் ஸ்டாண்டர்ட் அண்ட் பூவர்ஸும் அதையே செய்தது. வரம்பு இன்னும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன். வெள்ளம் வந்தபின் அணை போட முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் தரம் இறங்கிய பத்திரங்களையும் குறிப்பிட்ட படிவரை தொடர்ந்து ஏற்றீர்கள். மனம் வைத்தால் உங்களால் முடியும்.

உங்களிடம் பொருளியல் அறிஞர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு நாட்டின் கணக்கும் இருக்கிறது. உறுப்பு நாடுகளின் கடனை நீங்களே மதிப்பிடுங்கள். காரணங்களை வெளியிடுங்கள். தரம் இறங்கினால் ஈட்டின் மதிப்பைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரே இரவில் கதவைச் சாத்தாதீர்கள். அரிசி ஏன் தேங்கியது என்று என்னிடம் கேட்ட அதே பொறுமையோடு ஏதென்ஸிடமும் லிஸ்பனிடமும் ரோமிடமும் பாரிஸிடமும் நேரடியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
யூரோவில் சம்பளம் வாங்கும் ஒரு கணக்கர்