மண்ணில்லாத தொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போனில் நீ "செடிக்கு உரம் போடுகிறாயா?" என்று கேட்டபோது மழுப்பிவிட்டேன். போட்டதுதான் வினையாகிவிட்டது.

இங்கே நாங்கள் இருப்பது 4-வது மாடி. வருஷத்தில் பாதி நாள் ஜன்னலைத் திறக்க முடியாத குளிர். கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று வந்த புதிதில் ஃபெலனாப்சிஸ் என்கிற ஆர்க்கிட் பூச்செடி ஒன்று வாங்கினேன். தொட்டியில் மண்ணே இல்லை, வெறும் மரப்பட்டைத் துண்டுகள். ஐயோ பாவம், பட்டினி கிடக்கிறதே என்று உரத்தைத் தாராளமாகக் கரைத்து ஊற்றினேன். 3 மாதத்தில் பட்டைமேல் வெள்ளையாக உப்புப் பூத்து, வேர் நுனியெல்லாம் கருகிவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இது காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வளர்கிற ஜாதி. புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சாது. உட்கார இடம் மட்டும் போதும். மழைத் தண்ணீர் இலையிலும் கிளையிலும் வழிந்து வரும்போது தூசி, பறவை எச்சம், மட்கிய சருகு எல்லாவற்றின் சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு வரும். முதலில் வழிகிற தண்ணீரில்தான் சத்து கூடுதல். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி இருக்கும் வெலமன் என்கிற உறை அதைச் சட்டென்று குடித்துவிடும். காய்ந்த வேர் வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்டதும் கண்ணெதிரிலேயே பச்சையாகிறது, அம்மா! அதைப் பார்க்கவே இன்னொரு தடவை ஊற்றலாமா என்று கை பரபரக்கும்.

இப்போது உர டப்பாவில் எழுதியிருக்கிற அளவில் கால் பங்குதான், வாரம் ஒரு தடவை. முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, அப்புறம் உரத்தண்ணீர். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரையே நிறைய ஊற்றித் தொட்டியை அலசிவிடுகிறேன். குளிர்காலத்தில் வெளிச்சம் இல்லை, வளர்ச்சியும் மந்தம், அதனால் உரமும் குறைவு.

எரு போடச் சொல்லாதே. பட்டை இடுக்கில் அடைத்துக்கொண்டு காற்றுப் போகாமல் வேர் அழுகிவிடும். கோடையில் பால்கனியில் நிழலாக வைத்தால் மழை பார்த்துக்கொள்ளாதா என்பாய். மேலே மரம் இருந்தால்தானே எதையாவது கழுவிக்கொண்டு வரும்? இங்கே பெய்கிற மழை உப்பை அலசத்தான் உதவும். உரம் நான்தான் போட வேண்டும்.

போன வாரம் அடி இலைக்குக் கீழே புது வேர் ஒன்று எட்டிப் பார்த்தது. இன்று பார்த்தேன், சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது. நுனி பச்சையாகவே இருக்கிறது, அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
உன் மகள்